ஜோடி இல்லாத ஏடு

ஆல்பி பர்டனைக் கொன்ற மரத்திலிருந்து சீவிய ஏடுகள், மனதில் எதையாவது வைத்திருக்கிற மனிதர் யார் பக்கத்தில் வந்தாலும் சுருண்டுகொண்டன. பெட்லிங் துறையில் இதை ஒரு சேதியாக யாரும் எண்ணவில்லை. ஹூவான் ஆற்றோரத்தில் வருஷம் முழுக்க ஈரம். ஈரத்துக்கு மரம் நெளிவதும் கதவு இறுகிக்கொள்வதும் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆப்பிள் விலை இறங்கிவிட்டது, படகுக்காரன் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான், மெர்வின் கையில் மிர்ட்டில் மரத்து ஏடு சுற்றிக்கொண்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குத் தேநீர் ஊற்றுவார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆளைக் கொன்ற மரம் அவன் மனைவிக்குச் சொந்தம். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ஆனால் எந்த மில்காரனும் அந்த மரத்தின்மேல் கை வைக்கமாட்டான். வைத்தால் மறுநாள் அவனிடம் வேலைக்கு ஆள் வராது. இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தில் ஒருவன் செத்தால், மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவனுடைய கடைசிப் பேச்சை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கிறவரை அவன் வேறு யாரோடும் ரம்பம் பிடிக்கக் கூடாது. ஆல்பிக்கு மறுமுனையைப் பிடித்திருந்தவன் கிளாரி நட்டால் என்பவன். மரத்தின் உச்சியில் முறிந்த கிளை நேராக ஆல்பியின் மேல் இறங்கியபோது கிளாரிக்கு ஒரு சிராய்ப்புகூட ஏற்படவில்லை. அடக்கத்தன்று அவன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "'தெல்மாவைப் பாத்துக்கோடா'ன்னான். அதுதான் கடைசி" என்றான். ஊரே மூக்கைச் சிந்தியது. பாதிரியார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆல்பியின் மனைவி தெல்மாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அந்த வாக்கியத்தைப் புருஷன் குரலில் கேட்டுப்பார்க்க முயன்றாள், கேட்கவில்லை. பூனைக்குப் பால் வை என்று சொல்லக்கூட வாய் வராத மனுஷன் ஆல்பி. யாரையும் யாரிடமும் ஒப்படைக்கிற ஆளா அவன்? யாரோ ஒரு நல்ல மனிதர், அவளுக்குத் தெரியாதவர், கண்ணியமாக ஏதோ சொல்லிவிட்டுச் செத்துப்போயிருக்கிறார் என்று தோன்றியது. முன்பின் தெரியாதவருக்காக எப்படி அழுவது? ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே மரத்துப்போயிற்று. கால் என்றால் உதறினால் சரியாகும். பக்கத்து வீட்டு டோட்டி சிப்பிக்கறி அப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அழுதுடு கண்ணு, அழுதுட்டா எறங்கிடும்" என்று முதுகைத் தடவுவாள். தெல்மாவுக்கும் அதுதான் ஆசை. அவனுக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அழுதுவிட வேண்டும். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பத்தைச் சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

மரத்தை அவள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். சிவந்த மிர்ட்டில். பக்கவாட்டில் ஒரு கழலை, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், பெரிய அண்டாவைக் கவிழ்த்து ஒட்டின மாதிரி. அதன் முன்னால் போய் நின்றாள். இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். மழைதான் வந்தது. "சரி, சீவச் சொல்லுங்க" என்றாள். சீவினால் உள்ளே ஏதாவது இருக்கும் என்று ஒரு நினைப்பு.

அவள் வேலை பார்த்ததே ஹோரஸ் கிளெனிஸ்டரின் வெனீர் கொட்டகையில்தான். மரத்தை ஆவியில் வேகவைத்துக் கத்தியில் சீவினால் ஏடு ஏடாக வரும், அட்டையைவிட மெல்லிசாக. சீவின வரிசை குலையாமல் அடுக்க வேண்டும், அதுதான் அங்கே பெரிய ஒழுக்கம். அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்தால் வலப்பக்கத்துக் கோலம் இடப்பக்கத்தில் கண்ணாடிபோல் விழும். அப்படி ஜோடி ஜோடியாக விரித்து, நடுவே பசைத்தாளை நாக்கில் நனைத்து ஒட்டி, வஜ்ஜிரப் பசை தடவின பலகைமேல் பரப்புவது தெல்மாவின் வேலை. நேர்வரி மரம் என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும். கழலை அப்படியில்லை. அதில் வரி என்று ஒன்றே கிடையாது. எல்லாத் திசையிலும் சுழித்துக்கொண்டு ஓடும், காய்ந்தால் பொரித்த அப்பளம்தான். அதற்குக் கிளிசரினும் சாராயமும் கொஞ்சம் பசையும் கலந்த தண்ணீரைத் தெளித்து, வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்துப் பலகை போட்டுத் திருகி இறுக்க வேண்டும். தாளை மாற்றி மாற்றி, ஈரத்தை இழுத்து இழுத்து, பொறுமையாக. கெஞ்சினால் படியும் மரம் உண்டு, மிரட்டினால் படியும் மரம் உண்டு என்பார் கிளெனிஸ்டர்.

இந்த மிர்ட்டில் இரண்டுக்கும் படியவில்லை. கொட்டகையில் வேலை பார்த்த மெர்வினுக்கு அப்போதுதான் பெண்குழந்தை பிறந்திருந்தது. சீட்டியடித்துக்கொண்டே ஒரு ஏட்டைக் கையில் எடுத்தான்; அது அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. ஆவி காட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. கிளெனிஸ்டர் தன் போட்டிக்காரனை நினைத்துக்கொண்டே தொட்டார், ஏடு குறுக்கே வெடித்தது. பாதிரியார் வந்து ஒரு ஜெபம் சொன்னார். அவருக்கு அந்த மாதம் விசுவாசத்தில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது, அடுக்கு மொத்தமும் முட்டைக்கோஸ் மாதிரி விரிந்துகொண்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிளெனிஸ்டர் அடுப்பில் போடச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெல்மா சாப்பாட்டு நேரம் முடிந்து உள்ளே வந்தாள். அவள் கிட்டே வரவர ஏடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் உள்ளங்கையை வைத்துத் தடவியபோது, நனைத்த துணி பாறைமேல் படிவதுபோல் படிந்தன.

"இது எப்படி?" என்றார் கிளெனிஸ்டர்.

"தெரியல. நான் ஒண்ணும் செய்யல" என்றாள் தெல்மா. அது உண்மை. அவளிடம் ஒன்றும் இல்லை, அதனால் அந்த மரத்துக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கிளெனிஸ்டரின் கொட்டகைக்கு ஒரு பேர் வந்தது. அவள் கையால் ஒட்டிக் காய்ந்த ஏடு அதற்கப்புறம் யார் தொட்டாலும் சுருளவில்லை. முதலில் ஊர் மன்றத்துக்கு ஒரு நீள மேசை. சிவப்பில் கறுப்புப் புள்ளிகள் தெறித்து, நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒன்றுபோல் சுழல்கிற அந்த மேசையைப் பார்க்க ஹோபார்ட் நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் அலமாரி கேட்டார்கள், வங்கி மேலாளருக்கு எழுதுமேசை கேட்டார்கள், ஒரு கப்பல் முதலாளி தன் கப்பலின் சாப்பாட்டு அறைக்குச் சுவர்ப்பலகை கேட்டார். மரம் தெல்மாவுடையது, கையும் தெல்மாவுடையது. கிளெனிஸ்டர் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை, அந்த விஷயத்தில் நேர்மையான ஆள். ஆனால் அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இவள் என்றைக்காவது அழுதுவிட்டால்?

மனுஷன் அதற்குமேல் தூங்கவில்லை. கொட்டகையில் வானொலியை நிறுத்தினார். பாட்டு எதையாவது கிளறிவிடும். தெல்மா இருக்கிற இடத்தில் வேடிக்கைப் பேச்சு கூடாது என்றார். மெர்வின் தன் குழந்தையை வாசல்வரை கொண்டுவந்தபோது பாம்பைக் கண்டதுபோல் ஓடிப்போய்த் திருப்பி அனுப்பினார். டோட்டி அப்பத்தோடு வந்தாள். வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு இது, டோட்டி? அவ நல்லாத்தான் இருக்கா."

"அதான் பயமா இருக்கு. ஒரு சொட்டு கண்ணீர் விடலையே, அது நல்லா இருக்கறதா?"

"ஆறுதல் கீறுதல் சொல்லி என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே. பன்னெண்டு குடும்பம் இதுல சாப்பிடுது."

"அடப்பாவி! நீ விளங்குவியா?" என்று டோட்டி அப்பத்தை அவர் தலையில் கவிழ்க்காத குறையாகத் திரும்பிப் போனாள். சொன்னாளே தவிர, அவள் மருமகனும் அந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தான். அடுத்த வாரத்திலிருந்து அப்பம் வரவில்லை. மெல்ல மெல்ல ஊரே அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டது. தெல்மாவிடம் மழையைப் பற்றிப் பேசுவார்கள், ஆல்பியைப் பற்றிப் பேசமாட்டார்கள். கேட்டால் அவள் நன்மைக்கு என்பார்கள்.

தெல்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோபம்கூட வரவில்லை. வஜ்ஜிரச் சட்டியில் ஒருநாள் முழங்கை பட்டுத் தோல் உரிந்தது, மெர்வின் கத்தின பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பசைத்தாளை நக்குகிற மற்றப் பெண்கள் குதிரைக் குளம்பு நாறுகிறது என்று துப்புவார்கள். அவள் நாள் முழுக்க நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆல்பி பாதியில் விட்டுப்போன சமையலறை மேசை ஒன்று வீட்டில் கிடந்தது. கால்கள் போட்டு, பைன் பலகை அடித்து, மேல்முகத்துக்கு அடுத்த குளிர்காலம் பார்க்கலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கும் ஒரு ஜோடி ஏட்டை விரித்துத் தானே ஒட்டினாள். அழகாகப் படிந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து காத்துப்பார்த்தாள். ஒன்றுமில்லை. தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

கழலை தீர்ந்தபோது கடைசியில் ஒரு ஏடு மிஞ்சியது. ஜோடி இல்லை. ஒற்றை ஏட்டை வைத்துக் கடிகாரப் பெட்டி செய்யலாம் என்று கிளெனிஸ்டர் சொல்லிப்பார்த்தார். "இது கெடக்கட்டும், ஹோரஸ்" என்று வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரிமேல் வைத்துவிட்டாள். அவளைத் தவிர ஆள் இல்லாத வீட்டில் அது சலவை செய்த துணிபோல் தட்டையாகக் கிடந்தது.

ஆப்பிள் பறிக்கிற காலத்தில் கொட்டகையின் வண்டிக்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வேறு ஆள் கிடைக்காமல் கிளாரி நட்டாலைக் கூப்பிட்டார்கள். ஆல்பி போன நாளிலிருந்து கிளாரி ரம்பத்தைத் தொடவில்லை, ஆப்பிள் பெட்டி ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பாவம், மனசு உடைந்துபோன மனுஷன் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அவன் வாசலில் லாரியை நிறுத்திக் காலைக் கீழே வைத்ததுதான் தாமதம், கப்பல் முதலாளியின் அடுத்த கப்பலுக்காக ஒட்டி இறுக்கி வைத்திருந்த பலகைகள் முனகின. திருகுகள் கழன்று தெறித்தன. மேலே ஏற்றியிருந்த இரும்புக் கட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன. ஏடுகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, கிளாரி நின்ற பக்கமாகச் சுருண்டன.

"வெளிய போடா! லாரிய அங்கயே விட்டுட்டுப் போ!" என்று கிளெனிஸ்டர் கத்தினார்.

கிளாரி ஓடியே போய்விட்டான். தெல்மா எழுந்துபோய்த் தடவித் தடவி ஏடுகளைப் படியவைத்தாள். தடவும்போது யோசித்தாள். பிள்ளை பெற்ற சந்தோஷத்துக்கு ஒரு ஏடு சுருண்டது. விசுவாசம் ஆட்டம் கண்டதற்கு ஒரு அடுக்கு விரிந்தது. இரும்புக் கட்டியைத் தூக்கி எறிகிற அளவுக்கு இவன் எதைச் சுமந்துகொண்டு அலைகிறான்? துக்கம் என்றால் துக்கத்தைத்தான் எல்லாரிடமும் காட்டிவிட்டானே. காட்டாத ஒன்றல்லவா இப்படிக் கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல், அலமாரிமேல் இருந்த ஒற்றை ஏட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்து கிளாரியின் வீட்டுக்குப் போனாள். அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழப்போனான். "உக்காரு" என்று அவள் எதிரே ஒரு ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏட்டை இருவருக்கும் நடுவே படிமேல் விரித்தாள். அவன் பக்கத்து ஓரம் உடனே எழும்பிச் சுருண்டது. அவள் பக்கம் அசையவில்லை.

"ஆல்பி கடைசியா என்ன சொன்னான், கிளாரி?"

"சொன்னேனே தெல்மா. உன்னைப் பாத்துக்கச் சொன்னான்."

ஏடு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இது உன்னைப் பாத்து இந்தச் சுருள் சுருளுது. என்னடா மறைக்கிற? என்னைத் திட்டினானா? வேற பொம்பள பேரைச் சொன்னானா? எதுவா இருந்தாலும் சொல்லு. எனக்கு வலிக்காது. வலிச்சாத்தான் தேவலையே."

கிளாரி கத்தியைக் கீழே வைத்தான். மீன் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டதில் தாடியெல்லாம் செதில். "அது ஒரு கடைசி வார்த்தையா சொல்ற மாதிரி இல்ல தெல்மா. அத்தன ஜனத்துக்கு முன்னாடி, பாதிரியார் வேற நிக்கறாரு, எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல. நல்லதா ஒண்ணு சொல்லிட்டேன்."

"சொல்லு."

"சாப்பிட்டு முடிச்சு மறுபடி ரம்பத்தைப் பிடிச்சோம். அவன் திட்டிக்கிட்டே இழுத்தான். 'இன்னிக்கும் கடுகு ஊறுகாய அள்ளி அப்பிட்டாடா. ரொட்டி மொத்தமும் ஊறிக் கூழாயிடுச்சு. இவ கையில இருக்கறது கரண்டியா மண்வெட்டியா'ன்னான். அதுக்குள்ள மேல முறிஞ்சுது. அவ்வளவுதான். மண்வெட்டியான்னுதான் செத்தான்."

அவன் பக்கத்து ஓரம் மெல்ல அவிழ்ந்து இறங்கிப் படிமேல் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஏடு முழுவதும் தட்டையாக இருந்தது. ஆற்றில் ஒரு படகு போயிற்று. பிறகு தெல்மாவின் பக்கத்து ஓரம் நடுங்கியது.

"தெனமும் கேட்டேனே" என்றாள். குரல் யாருடையதோபோல் வந்தது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெனமும் சாயங்காலம் கேட்பேனே, சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு. 'பிரமாதம்'பான். ஒவ்வொரு நாளும் 'பிரமாதம்'பான்! அந்தப் பாவிக்குப் பிடிக்குதேன்னுதானே நான் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு அள்ளி வச்சேன்!"

"உன் மனசு நோகுமேன்னு இருந்திருப்பான்."

"நோகட்டுமே! சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? வாயில கொழுக்கட்டையா? அத்தன வருஷம் கூழைத் தின்னுட்டு வந்து பிரமாதமாம், பிரமாதம்!" ஏடு அவள் பக்கத்திலிருந்து விசையோடு எழும்பிச் சுருண்டு சுருண்டு கிளாரியின் காலடிவரை ஒரே குழலாகிவிட்டது. அவள் எழுந்து நின்று அவனை, ஆல்பியை, அந்த முட்டாளை, வாய்க்கு வந்தபடி திட்டினாள். மண்வெட்டி என்று தன் வாயால் சொன்னபோது அவள் காதில் ஆல்பியின் குரல் கேட்டது. மூக்கால் பேசுகிற, பாதியில் இருமுகிற அவன் குரலேதான். அவன்தான் செத்துப்போயிருக்கிறான், வேறு யாருமில்லை. தெல்மா அந்த ஆப்பிள் பெட்டிமேல் உட்கார்ந்து, மத்தியானம் சாய்கிறவரை அழுதாள். கிளாரி மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அன்று பள்ளத்தாக்கு முழுவதிலும், ஹோபார்ட்டிலும், கடலில் இருந்த கப்பலிலும், அந்தக் கழலை ஒட்டிய இடமெல்லாம் கொப்புளம் எழும்பியது. மன்றத்து மேசையில் சாசர் அளவுக்கு, வங்கி மேலாளரின் எழுதுமேசையில் முட்டை அளவுக்கு. தெல்மாவின் சமையலறை மேசையில், ஆல்பி உட்காருகிற பக்கத்தில், ஒரு ரொட்டி அளவுக்கு. கிளெனிஸ்டர் மறுநாள் காலையில் சவரக் கத்தியும் வஜ்ஜிரச் சட்டியும் இஸ்திரிப் பெட்டியுமாக அவள் வீட்டு வாசலில் நின்றார். 

"ஓரமா ஒரு கீறல், உள்ள கொஞ்சம் வஜ்ஜிரம், மேல சூடா ஒரு தேய்ப்பு. இதை இறக்கிக் காட்டு தெல்மா. இது இறங்கினா மத்ததும் இறங்கிடும்."

தெல்மா தொழில் பழக்கத்தில் கொப்புளத்தை நகத்தால் தட்டிப்பார்த்தாள். பொள்ளலாகத்தான் ஒலித்தது. உள்ளங்கையை வைத்தாள். கதகதப்பாக இருந்தது. மெதுவாக எழும்பிற்று, மெதுவாக இறங்கிற்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குகிறவனின் முதுகுபோல. கிளெனிஸ்டரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.  அவர் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார்.

ஹோபார்ட்காரர்கள் வந்து சத்தம் போட்டபோது, "மிர்ட்டில் கழலைக்கு அது சுபாவம்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நாளில் அவர்களும் பழகிக்கொண்டார்கள். வங்கி மேலாளர் மைக்கூட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார். மன்றத்தில் பெண்கள் கோப்பைகளைக் கொப்புளத்தைச் சுற்றி அடுக்கினார்கள். கிளெனிஸ்டர் வேறு மரங்களுக்குத் திரும்பினார், யாருடைய குடும்பமும் பட்டினி கிடக்கவில்லை, வானொலி மறுபடி பாடியது. கிளாரி அடுத்த வாரமே மெர்வினின் தம்பியோடு ரம்பம் பிடிக்கப் போய்விட்டான். சுருண்ட ஏடு விரியவே இல்லை. தெல்மா அதை நிறுத்திவைத்துப் பின்னல் ஊசிகளைப் போட்டு வைத்தாள். மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், பசைத்தாளை நாக்கில் வைத்ததும், "சீ, இவ்வளவு நாத்தத்தையா நக்கிட்டிருந்தேன்!" என்று துப்பினாள்.

அன்று மத்தியானம் வீட்டில் ரொட்டியை அறுத்து, ஆறின ஆட்டுக்கறியை வைத்து, கடுகு ஊறுகாய் சீசாவைத் திறந்தாள். பழைய கை, கரண்டி நிறைய அள்ளிவிட்டது. நின்றாள். பாதிக்குமேல் சீசாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, மிச்சத்தை ரொட்டிமேல் மெல்லிசாகத் தடவினாள். தட்டைக் கொப்புளத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பிறகு, "பொய் சொல்லாத" என்றாள்.

கொப்புளம் ஒருமுறை எழும்பி இறங்கியது. அவள் தன் தட்டோடு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.